நூற்றிருபதே மூலை

நல்லது செய்யப் போய்த்தான் இருசப்பன் வசமாக மாட்டிக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி வைஜெயந்தி பாண்டிச்சேரி கல்லூரியில் கணக்கு வாத்தியார். மரக்காணம் உப்புக் கொட்டகையில் மூன்று மாதமாக ஒரு கம்பிக் கூண்டுக்குள் நூல் கட்டிக்கொண்டிருந்தாள். நீளம், அகலம், உயரம் தாண்டி இன்னொரு திசையும் உள்ள ஒரு நட்சத்திர உருவத்தின் நிழலாம் அது. மூலைக்கு ஒன்றாக நூற்றிருபது பாசிமணி, மணிக்கு மணி இழுத்துக் கட்டிய எழுநூற்றிருபது நூல். "நாலாவது பரிமாணத்தை நூல்ல காட்டப்போறியாம்மா?" என்று தாவரவியல்காரரான கல்லூரி முதல்வர் எல்லார் முன்னும் சிரித்திருந்தார். அதனால் இன்றைய கல்லூரிக் கண்காட்சி அவளுக்கு மானப் பிரச்சினை.

காலையில் அவள் கூண்டை ஏற்றிப்போக வேன் பிடிக்கப் போனாள். மீன்வலை பின்னிப் பழகிய இருசப்பனின் கண் சும்மா இருக்குமா? நூலும் நூலும் குறுக்கே போகிற இடத்தில் ஒரு முடிச்சைக் காணோம்! பாவம், மறந்துவிட்டாள் என்று பச்சை வலைநூலால் நூறு இடத்தில் இறுக்கிக் கட்டிவிட்டான்.

வந்தவள் அலறினாள். "என்னாய்யா பண்ணி வெச்சிருக்க! எல்லாம் கோணிக்கிச்சே!"

"குறுக்கால முடிச்சு போட வேணாமா?"

"வலையாய்யா இது? நட்சத்திரத்துக்கு அஞ்சு முனைதான் மூலை. நடுவுல கோடு வெட்டிக்கிற எடம் மூலையே கிடையாது, அது பாட்டுக்குக் கடந்து போவும். மணி இருக்குற எடம்தான் மூலை. மணிக்குப் பன்னெண்டு நூலு, அவ்ளோதான்!"

சொல்லிவிட்டு அழுதே விட்டாள். நல்ல முடிச்சைப் பிறந்ததிலிருந்து அறுத்தவனில்லை இருசப்பன், ஆனாலும் பிளேடை எடுத்தான். பச்சை நூலை மட்டும் அறுத்தான். டங்கென்று ஒரு கோடு நிமிர்ந்தது. இன்னொன்று. அடுத்தது. ஐந்து கோடுகள் சேர்ந்து ஒரு நட்சத்திரம் விரிந்தது, அதன் வயிற்றைத் துளைத்து இன்னொன்று!

"ஏய், இங்க பாருடி! ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போவுது!"

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தே உயிரை எடுத்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் அறுத்து, கடைசி முடிச்சு விழுந்ததும் கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

கண்காட்சியில் முதல்வர் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "ஏம்மா, இங்க முடிச்சு விட்டுப்போச்சே?"

வைஜெயந்தி வாயைத் திறப்பதற்குள் இருசப்பன் குறுக்கே பாய்ந்தான்.

"அது மூலையே இல்லீங்க சார்! கட்டுனா மொத்தமும் கோணிக்கும். கட்டிப் பாத்தவன் சொல்றேன்!"