எதிரணிக்காரி சொன்ன மூன்று

கீபோக் அண்ணனிடம் இனி கத்த வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுவும் அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். அவர் வேலை பார்க்கும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வாசலில் நின்றபடி ஹேவோன் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாள். வெண்கொக்குகள் அணியின் விளம்பர வாசகங்கள் எல்லாம் அவள் எழுதியவைதான். இந்த ஒரு வாசகம் மட்டும் அமையவில்லை.

கணினி விளையாட்டுப் போட்டிகளில் வெண்கொக்குகள் பெரிய அணி அல்ல. அந்தப் பருவத்தில் பட்டியலின் அடியில் கிடந்தது. அவர்கள் ஆடும் நாளில் ஜோங்னோ அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருக்கும். ஆனாலும் ஒவ்வோர் ஆட்டமும் தொடங்கும் முன்பு முழக்கம் மட்டும் தவறாது. ரசிகர்களில் ஒருவர் எழுந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ண வேண்டும். உடனே மற்றவர்கள் எல்லோரும் "கொக்குங்க, ஃபைட்டிங்!" என்று உற்சாகக் குரல் கொடுப்பார்கள். எண்ணுவதற்கு யாரையும் யாரும் நியமித்ததில்லை. என்றோ ஒருநாள் கீபோக் எழுந்து எண்ணினார், அன்றிலிருந்து அவரே எண்ணினார். வண்டி பழக வருகிறவர்களிடம் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்தியே அவர் தொண்டை தேய்ந்துபோயிருந்தது. "மூணு" என்னும்போது குரல் பிளந்து, கூவப் பழகும் இளஞ்சேவல் போல மேலே போகும். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பிடிக்கும். நேரலையில் பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தக் கேலிதான் அணியின் இயக்குநர் பியோவின் கண்ணில் பட்டது.

"மின் அம்மா கடைசி ஆட்டத்துக்கு வர்றாங்க, ஹேவோன். அவங்க நூடுல்ஸ் கம்பெனி நம்மளத் தாங்குறதா, கைய விட்டுறதான்னு அன்னிக்குக் கூட்டத்தப் பாத்துட்டுத்தான் சொல்வாங்களாம். அந்தாளு கொரலக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க. தொழில் தெரிஞ்ச ஆளா ஒருத்தரப் பிடி."

அணிக்குப் பணம் கொடுக்கும் மின் அம்மையார் கைவிட்டால் அணி கலைந்துவிடும். ஐந்து வீரர்கள், அவர்களுக்குச் சமைத்துப் போடும் அம்மா, ஹேவோன் எல்லோரும் வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் அவள் தலையாட்டினாள். பேஸ்பால் மைதானங்களில் கூட்டத்தை ஆட்டிவைக்கும் பாங் என்பவரை, அவருடைய பெரிய முரசோடு அமர்த்தினாள். நூடுல்ஸ் நிறுவனத்தின் பெயர் போட்ட, ஊதித் தட்டினால் சத்தம் எழுப்பும் காற்றுக் குச்சிகளை நாற்காலிக்கு ஒன்றாக வாங்கிவைத்தாள்.

பயிற்சி வண்டியிலிருந்து கீபோக் இறங்கி வந்தார்.

"அடடே, மேடமா! லைசென்ஸ் எடுக்க வந்தீங்களா? என் உசுருக்கு உத்தரவாதம் குடுத்தாத்தான் சொல்லித் தருவேன்."

"இல்லண்ணே. கடைசி ஆட்டத்துக்கு முழக்கம் போட வெளியிலேருந்து ஆள் வர்றாரு. உங்க தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வா இருக்குமேன்னு..."

தொண்டையின் மேல் அக்கறை இருப்பது போலப் பேசியது அவளுக்கே கூசியது. கீபோக் ஒரு கணம் வண்டிச் சாவியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"என் பொண்டாட்டி ரொம்ப நாளாச் சொல்றா, நான் கேக்கல. மேடம் சொன்னாக் கேட்டுத்தான ஆகணும்? உக்காந்து பாக்கலாம்ல? டிக்கெட் எடுத்துட்டேன்."

"கண்டிப்பா வாங்கண்ணே."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தலை குனிந்தபோது அணிக்காக வேண்டிக்கொள்ளத்தான் நினைத்தாள். அந்தச் சிரிப்புதான் கண்முன் வந்து நின்றது.

கடைசி ஆட்டத்தன்று அரங்கு நிறைந்தது. அது ஹேவோனின் உழைப்பு, அதில் பொய்யில்லை. வீரர்கள் நூடுல்ஸ் சாப்பிட்டபடி ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ளும் காணொளிகளை அவள் வாரம் முழுக்க வெளியிட்டிருந்தாள். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் தோழிகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். ரசிகர்கள் எழுதிப் பிடிப்பதற்கு வாசல் மேசையில் பேனாவும் அட்டையும் வைத்திருந்தாள். "தோத்தாலும் சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று ஒரு பெண் வண்ணத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் மின் அம்மையார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவருக்குக் காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பியோ. கடைசி வரிசையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு கீபோக்.

எதிரணி இரும்புக் கரடிகள். மொத்தம் மூன்று சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் முன்பு முழக்கம் உண்டு. மேடையின் இடப்பக்கம் கரடிகள், வலப்பக்கம் கொக்குகள். வீரர்கள் காதுகளை அடைக்கும் கருவியை மாட்டத் தொடங்கினார்கள். கரடிகளின் பக்கம் ஏஜின் என்ற கல்லூரிப் பெண் எண்ணுவதற்காக எழுந்து கையைத் தூக்கினாள்.

அந்த நொடியில் பாங் முரசை அடித்தார்.

"என்ன சத்தத்தையே காணோம்! கொக்குங்கல்லாம் தூங்குதா? ஒண்ணு! ரெண்டு!"

இடப்பக்கத்து ரசிகர்கள் முதலில் முழங்குவார்கள். அவர்கள் முடிக்கும்வரை வலப்பக்கம் வாய் திறக்காது. இது எங்கும் எழுதி ஒட்டப்படாத வழக்கம். தோற்றாலும் வென்றாலும் யாரும் அதை மீறியதில்லை. பேஸ்பாலில் பழகிய பாங்குக்கு அது தெரியாது. அவரிடம் சொல்ல வேண்டும் என்று ஹேவோனுக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுவதைப் போன்ற ஒன்றை யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

"மூணு!" என்றார் பாங்.

கொக்குகளின் பக்கம் ஒரு குரல்கூட எழவில்லை. அத்தனை பேரும் பக்கத்து வீட்டு விருந்தில் தட்டைக் கவிழ்த்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். காற்றுக் குச்சிகள் மடியில் படுத்துக் கிடந்தன. ஏஜினின் கை மெல்லக் கீழே இறங்கியது. முரசு மட்டும் இன்னும் இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது.

முதல் சுற்றைக் கொக்குகள் தோற்றார்கள். மின் அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார்.

இடைவேளையில் பியோ ஹேவோனின் பக்கம் சாய்ந்தார். "ஒரு ஈ எறும்புகூட வாயத் தெறக்கலையேம்மா! காசு குடுத்து நிசப்தத்த வாங்கியிருக்கோம்."

"தப்பு என்னோடதுதான் சார். சரி பண்ணிட்டு வர்றேன்."

அவள் பாங்கிடம் போய் வழக்கத்தைச் சொன்னாள். அவர் நல்ல மனிதர். முகம் சிவந்து முரசுக் கோலை உறையில் போட்டார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா? என்னப் பெத்தவங்கள எத்தன பேரு திட்டியிருப்பாங்களோ." ஹேவோன் கடைசி வரிசைக்குப் படியேறினாள்.

"அண்ணே, அன்னிக்கு உங்க தொண்டைக்காக நான் வரல. உங்க கொரலக் கேட்டு நேரலையில சிரிக்கிறாங்கன்னுதான் வந்தேன். அத நேராச் சொல்லியிருக்கணும். மன்னிச்சிருங்க. இப்ப நீங்கதான் எண்ணணும்."

"சிரிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும் மேடம். என் மகதான் அதுல மொத ஆளு." முகக்கவசத்தைக் கழற்றினார். "எண்ணுறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்டப் போய் ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. கையத் தூக்கிட்டுப் பாவம் நின்னுச்சு."

பாங்குக்கென்று வாங்கிய தொண்டை மிட்டாய்கள் ஒரு பை நிறைய இருந்தன. அதை எடுத்துக்கொண்டு ஹேவோன் கரடிகளின் பக்கம் போனாள். எதிரணி அலுவலகத்துக்காரி நம் வரிசைக்குள் எதற்கு வருகிறாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஏஜினுக்கு முன்னால் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"உங்க முறைய நாங்க பறிச்சிட்டோம். முரசு அடிச்சவருக்கு வழக்கம் தெரியாது. சொல்லித் தராதது நான். மன்னிக்கணும்."

ஏஜின் திகைத்துப்போய்த் தானும் குனிந்தாள். இருவர் தலையும் முட்டப் பார்த்தது.

"ஐயையோ அக்கா, நீங்க போய் இப்படி... பரவால்லக்கா. ஆனா, உங்க சேவல் அண்ணன எங்க? அவரு கொரலக் கேக்காம எங்களுக்கே என்னமோ போல இருக்கு."

ஹேவோன் மிட்டாய்ப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு விரைந்தாள். கண் ஏன் கலங்குகிறது என்று அவளுக்கே புரியவில்லை. அடித்தவனிடமிருந்து வலியை எதிர்பார்க்கலாம். அடி வாங்கியவளிடமிருந்து அன்பு வந்தால் யாருக்குத்தான் தாங்கும்?

இரண்டாம் சுற்றுக்கு அணிகளும் ரசிகர்களும் பக்கம் மாறினார்கள். இப்போது இடப்பக்கம் கொக்குகள், முதல் முறை அவர்களுக்கு. கீபோக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அரங்கு அடங்கியது.

"ஒண்ணு!"

கரகரவென்று, பழகிய குரல். கொக்குகளின் வரிசைகளில் முதுகுகள் நிமிர்ந்தன.

"ரெண்டு!"

மூன்றுக்கு வாயைத் திறந்தார். வழக்கமாகப் பிளக்கும் குரல் இந்த முறை வெளியேவே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நெஞ்சைத் தட்டிக்கொண்டு மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. நேரலைப் படக்கருவி அவர் முகத்துக்கு நேராக நின்றது. பியோ இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆண்டவரே" என்றாள் ஹேவோன்.

வலப்பக்கத்தில், கரடிகளின் நடுவில், மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஏஜின் எழுந்தாள்.

"மூ...ணு!"

அவருடைய அதே இளஞ்சேவல் குரலில், இரண்டாகப் பிளந்து. ஒரு கணம் அரங்கே திகைத்தது. பிறகு இரு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே "கொக்குங்க, ஃபைட்டிங்!" என்ற முழக்கம் எழுந்தது. அதில் கரடிகளின் குரல்களும் கலந்திருந்தன. அடுத்து கரடிகள் முழங்கியபோது கொக்குகள் குச்சிகளைத் தட்டித் தாளம் போட்டார்கள். மேடையில் காதுகள் அடைபட்டு உட்கார்ந்திருந்த வீரர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனால் மேசை அதிர்ந்திருக்க வேண்டும். கொக்குகளின் கடைக்குட்டி வீரன் மேசையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பது திரையில் தெரிந்தது.

அந்தச் சுற்றைக் கொக்குகள் வென்றார்கள். மூன்றாவதில் கடைசிவரை போராடித் தோற்றார்கள். தோற்ற பிறகும் கொக்குகளின் பக்கம் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஹேவோன் முன்வரிசைக்கு வந்தாள். மின் அம்மையாரின் கைப்பை நாற்காலிக்குக் கீழே விழுந்து கிடந்தது. அவர் அதை எடுத்துக் காற்றுக் குச்சியை அதற்குள் திணித்தார். குச்சி பாதிதான் உள்ளே போனது.

"அம்மா, நான் எடுத்துட்டுப் போய்க் குப்பையில போட்டுர்றேன். குடுங்க."

"எதுக்கு?" மின் அம்மையாரின் குரல் கம்மிப்போயிருந்தது. "அடுத்த வருஷம் வேணுமே. இதுக்குள்ள இருக்கிற காத்த எப்படிம்மா எறக்குறது?"

பியோ குனிந்து, தாமே அந்தக் குச்சியின் மூடியைத் திறந்து காற்றை இறக்கிக் கொடுத்தார்.

கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வருவது அவள் தொழில். வந்தவர்களின் நெஞ்சிலிருந்து குரல் எழுவது வேறொருவர் கொடை என்று அன்று அவளுக்குத் தோன்றியது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

வாசலில் கீபோக்கும் ஏஜினும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் சைகையால் பேசினார், அவள் மொழிபெயர்த்தாள்.

"அக்கா, இவருக்கு ஒரு மிட்டாய் வேணுமாம். நாளைக்குக் காலையில பழக வர்றவங்களுக்கு எப்படிப் பிரேக்குன்னு சொல்றதுன்னு கவலப்படுறாரு."

"பையையே உன்கிட்டத்தானே குடுத்தேன்?"

"எங்காளுங்க எல்லாத்தையும் தின்னுட்டாங்கக்கா."

ஹேவோன் சட்டைப் பைக்குள் துழாவினாள். ஒன்றே ஒன்று அகப்பட்டது. உறையைப் பிரித்து, இரு கைகளாலும் கீபோக்கிடம் நீட்டினாள்.