இஸ்கெலே

தேக்கரண்டியில் எடுத்த கஞ்சித் தண்ணீரை வைதேகி கணவரின் உதட்டருகே கொண்டுபோனபோது, ஆனந்தராஜா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

“கொஞ்சம் குடியுங்கோவன்.”

“இஸ்கெலே,” என்றார் அவர். குரல் கரகரத்தது. “இஸ்கெலே.”

கப்பல் திருத்தும் யார்ட்டில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவர் வாயில் மிஞ்சியிருந்தது இந்த ஒரு சொல்தான். வலது கையும் காலும் வழங்காமல் போய்விட்டன. தமிழும் போய்விட்டது, சரக்குக் கப்பல்களில் இளவயது முழுக்கப் பேசித் திரிந்த இங்கிலீசும் போய்விட்டது. அது வெறும் சத்தம், அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்றார் டாக்டர்.

வெறும் சத்தமில்லை என்று வைதேகிக்குத் தெரியும். அவளுடைய குசினியில் கேட்ட சொல் அது.

யார்ட்டில் கூட வேலை செய்த கெமால் என்ற துருக்கிக்காரன் ஞாயிற்றுக்கிழமைகளில் இவர்களுடைய ஃபுட்ஸ்கிரே வீட்டுக்கு வருவான். போர்மன் மேலேயிருந்து இங்கிலீசில் கத்தியது விளங்காமல், கயிற்றை இழுக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டு, கால் நசுங்காமல் தப்பியவன். அதற்குப் பிறகுதான் ஆனந்தராஜா அவனைக் கூப்பிட்டு வைத்துக் கப்பல் சொற்களைப் படிப்பிக்கத் தொடங்கினார். இவர் இங்கிலீசில் ஒன்றைச் சொல்ல, அவன் அதைத் துருக்கியில் திருப்பிச் சொல்வான். ரோப் என்றால் ஹலாத். பாய்மரம், மாஸ்ற் என்றால் திரெக். இரண்டு பேரும் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள்.

“வைதேகி, இஞ்ச பாரும்! இவையள் இரும்பையும் தெமிர் எண்டினம், நங்கூரத்தையும் தெமிர் எண்டினம். கப்பலில சரக்கு அடுக்கிற இடம் அம்பார். நாங்களும் நெல்லைக் குவிச்சுப்போட்டு அம்பாரம் எண்டுதானே சொல்லுறம்!”

“நல்லது. சாப்பாடு ஆறுது, எழும்புங்கோ.”

வாரம் முழுக்க அவளோடு பேசாத பேச்சையெல்லாம் அந்த ஒரு மத்தியானத்தில் அவர் கெமாலோடு பேசினார். அதுதான் அவளுக்குக் குத்தியது. ஒருநாள் அவர் பின்வளவில் நின்ற நேரம் பார்த்து, வாசலில் வந்து நின்றவனிடம், “நோ கம். நோ மோர்,” என்று சொல்லிவிட்டாள். அவன் கையிலிருந்த அத்திப்பழப் பையை அவளிடமே கொடுத்து, தலையாட்டிவிட்டுப் போனான். உள்ளே வந்த ஆனந்தராஜா பையைக் கண்டார். வாசலை எட்டிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு குசினிக் கதிரையில் தனியே இருந்து தேத்தண்ணி குடித்தார்.

இப்போது ஆஸ்பத்திரியில், ஜன்னலோரம் இருந்து அவருடைய வலது கையைப் பிடித்தபடி அவள் பேசப் பேச, அவர் ஒரு தடவைகூட அவள் பக்கம் பார்க்கவில்லை. கெமாலை வரவேண்டாம் என்றதற்கான கோபம் என்று நினைத்தாள். கோபிக்கட்டும் என்றும் நினைத்தாள். தான் செய்ததன் வெட்கத்தில், அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்கவும் அவனைக் கூப்பிடாமல் நாட்களைக் கடத்தினாள். இனிக் கனகாலமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் யார்ட்டுக்கு டெலிபோன் எடுத்தாள்.

இரவு வேலை முடித்த கெமால் நேரே வந்தான். சப்பாத்தெல்லாம் கிரீஸ். அவளைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினான்.

“இஸ்கெலே,” என்றார் ஆனந்தராஜா.

“வாட்? என்ன கேக்கிறார்?” என்று வைதேகி கெமாலைக் கேட்டாள்.

கெமால் இரண்டு கைகளாலும் கயிறு கட்டுவதுபோலக் காட்டினான். “ஷிப் கம். ஸ்டாப். ஜெட்டி.”

துறைமேடை! சொந்த ஊரான வல்வெட்டித்துறைக் கரையைத்தான் தேடுகிறார் என்று வைதேகி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கெமால் அசையாமல் ஆனந்தராஜாவின் கண்களையே பார்த்து நின்றான். பிறகு தன் கையை அவருடைய வலப்பக்கமாக முகத்தருகே கொண்டுபோனான். அவர் இமை துடிக்கவில்லை.

“மிசிஸ். நோ ஜெட்டி.” தன் இடது தோளைத் தட்டினான். “இஸ்கெலே, ஷிப் லெஃப்ட் சைட் ஆல்சோ. யூ ஹியர், ஹி நோ சீ.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது: வலப்பக்கம் பார்வை போன மனிதர், இடப்பக்கம் வா என்றுதான் இத்தனை நாளும் கூப்பிட்டிருக்கிறார். கட்டிலின் இடப்பக்கம் நர்ஸ்மார் ட்ரொலி தள்ளும் வழி என்று, முதல்நாளே அவளை ஜன்னல் பக்கம் இருத்தியிருந்தார்கள். கெமால் அவளைக் கையில் பிடித்து எழுப்பி, கதிரையைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வந்து மறுபக்கம் வைத்தான்.

ஆனந்தராஜாவின் பார்வை அவள் முகத்தில் வந்து நின்றது.

“நான் அங்கால, ஜன்னல் பக்கம்தான் இருந்தனான்,” என்றாள் அவள். “எல்லா நாளும் இருந்தனான்.”

அவருடைய இடது கை விரிப்பின்மேல் ஊர்ந்து வந்து அவளுடைய மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.

மத்தியானம் சாயும்போது மூச்சு விட்டு விட்டு வந்தது. பிறகு வரவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வைதேகி எழுந்து வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் போட்டிருந்த வாங்கில் கெமால் இருந்தபடியே நித்திரையாகிப்போயிருந்தான். தோளைத் தொடக் கையை நீட்டினாள். இதை அவனுக்கு விளங்கும் மொழியில் சொல்ல அவளிடம் ஒரு சொல்லும் இல்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

அவன் மடியிலிருந்து தொப்பி சரிந்து நிலத்தில் விழுந்தது. வைதேகி குனிந்து அதை எடுத்தாள். தூசியைத் தட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் இருந்தாள்.