நிரலோடு தொடர்பில்லாதவை

“அக்கா, உங்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கிட்ட சொல்லுங்க, அவர் ஃபைல் இன்னும் என்கிட்ட வரலைன்னு.”

“தங்கச்சி, உனக்கு இந்தப் பக்கம் இருக்கிறவன்கிட்ட சொல்லு, அனுப்பி அரை மணி நேரம் ஆச்சுன்னு.”

“நான் யாருக்கும் எதையும் சொல்றதா இல்ல. ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்குது.”

நடுவில் உட்கார்ந்து இப்படிச் சொன்னவள் டெஸ்டர். மற்றவர்கள் எழுதும் நிரலை உடைத்துப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிப்பது அவள் வேலை. அந்த மாடியில் பாதிப் பேருக்கு அவள் அக்கா, மீதிப் பேருக்குத் தங்கச்சி. அவளுக்கு வலப்பக்கம் பெரிய சகலை, இடப்பக்கம் சின்ன சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசை வரிசையில் வந்து மாட்டிக்கொண்டால் வேறென்ன பேர் வைப்பார்கள்?

வீட்டில் பெரியவருக்கு மரியாதை. அலுவலகத்தில் சின்னவனுக்குத்தான் பதவி. அவன் முதலில் சேர்ந்தவன். பெரியவர் எழுதுவதைச் சின்னவன் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது வெளியே போகும். சண்டையின் வேர் அங்கேதான்.

நிரல் எழுதுகிறவர்கள் வரிகளுக்கு நடுவே கமெண்ட் என்று குறிப்பு எழுதிவைப்பார்கள். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நாளைக்கு அந்த வரியில் கை வைக்கப்போகிற மனிதனுக்காக எழுதுவது அது. சின்னவன் கட்சி, நிரல் தெளிவாக இருந்தால் கமெண்டே வேண்டாம் என்பது. பெரியவர் கட்சி வேறு. பல் மருத்துவர்களுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருள்தான் அவர்கள் செய்வது. அதில் பல் பிடுங்க இவ்வளவு நேரம் என்று ஒரு வரி வரும். அதற்கு மேலே பெரியவர் எழுதியிருந்தார்: “நோயாளி பயந்து எழுந்து போவார். வாசல் வரை போய்த் திரும்பி வருவார். அந்த நேரமும் இதில் சேர்த்தி. குறைத்துவிடாதீர்கள்.”

சின்னவன் அதை அழித்துவிட்டு, “கதை வேண்டாம்” என்று திருப்பி அனுப்பினான்.

பெரியவர் அலுவலகத்தில் வாயைத் திறக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில், குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது திறந்தார். “இங்க என்னை அண்ணேங்கிறான். அங்க என் எழுத்தை அழிக்கிறான். எது நிஜம்?” சின்னவன் சும்மா இருந்திருக்கலாம். “இங்க நீங்க பேசுறதையும் அழிக்க முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்” என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

ஆரம்பத்தில் டெஸ்டர்தான் தூது போனாள். இவர் சொன்னதை அங்கே சொன்னால் “அவரா அப்படிச் சொன்னார்?” என்பான். அவன் சொன்னதை இங்கே சொன்னால் “நீ ஏம்மா அதை என்கிட்ட சொல்றே?” என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போதும் என்று கும்பிடு போட்டு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாயால்தான் பேசுவதில்லையே தவிர எழுதுவதற்குத் தடையில்லை. ஒருவர் ஃபைல் இன்னொருவர் கைக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? கமெண்டிலேயே கேட்டுக்கொண்டார்கள். முதலில் “இந்த வரி எதற்கு?” என்று வந்தது. பிறகு “குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?” என்று வந்தது. “விட்டது. நேற்று இரண்டு இட்டலி” என்று எழுதத் தொடங்கி, சின்னவன் அதை “நன்றாகச் சாப்பிட்டான்” என்று சுருக்கினான், கதை வேண்டாம் என்று சொன்ன வாய் அல்லவா. வெளியே அனுப்புமுன் டெஸ்டர் எல்லாவற்றையும் துடைத்துவிடுவாள். போகப்போக, கமெண்டே வேண்டாம் என்றவன்தான் பெரியவரைவிட அதிகம் எழுதினான் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று காலை அவள் பை வைக்குமுன்பே ஃபோன் அடித்தது. பெரியவர் மனைவி.

“அக்கா, இன்னைக்கு சாயங்காலம்தான் கெடு. அந்த வீட்டுக்காரம்மா வேற யாருக்கோ குடுத்துடப் போறாங்க.”

விஷயம் இதுதான். அக்காவும் தங்கையும் சேர்ந்து ஒரு வீடு பார்த்திருந்தார்கள். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி. கல்யாணமான நாள் முதல் இரண்டு பேருக்கும் அதுதான் ஆசை. ஆளுக்கொரு மூலையில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடிச் சலித்துவிட்டார்கள். வாடகையும் கட்டுப்படியாகும். ஆனால் வீட்டுக்காரம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். முன்பு அங்கே இருந்த இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். தொட்டி வழிந்தாலும் மேலே இருப்பவர் கீழே சொல்லமாட்டார். மோட்டார் தீய்ந்தாலும் கீழே இருப்பவர் மேலே சொல்லமாட்டார். கடைசியில் சுவரே ஊறிப்போனது. இந்தச் சகலைகளும் பேசிக்கொள்வதில்லை என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது. அதனால் இந்த முறை இரண்டு ஆம்பிளைகளும் ஒன்றாக ஃபோனில் வந்து சம்மதம் சொன்னால்தான் சாவி.

“உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?”

“‘எனக்கு ஓகே, அவன்கிட்ட கேக்கிறேன்’ங்கிறார். தங்கச்சி வீட்டுலயும் அதே பதில். கேக்கிறேன் கேக்கிறேன்னு ரெண்டு பேரும் ஒரு வாரமா கேக்கிறாங்க.”

“நான் தூது போறதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேனே.”

“தூது வேண்டாம் அக்கா. சும்மா பக்கத்துல இருங்க. அடிச்சுக்கிட்டா மட்டும் நடுவுல போங்க.”

“நான் நடுவுலதான் உட்கார்ந்திருக்கேன்.”

பதினோரு மணிவாக்கில் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தட்டச்சினார், அனுப்பினார், நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சின்னவனும் அதையே செய்தான். இரண்டு பேரும் திரையை முறைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது. பெரியவர் தன் டப்பாவைத் தனியே எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். அதுவரை டப்பா மட்டும் ஒன்றாகத்தான் திறப்பார்கள், பேசாமல்.

டெஸ்டர் அவர் பின்னாலேயே போனாள்.

“என்ன அண்ணே, மூஞ்சி இப்படி இருக்கு?”

“காலைலயே கேட்டுட்டேன் தங்கச்சி. நல்லவிதமாத்தான் கேட்டேன். ஒரு வரி பதில் இல்ல. என் கமெண்டை எடுத்துட்டு ஃபைலை மட்டும் சுத்தமா வச்சிருக்கான். அழிக்கிற புத்தி போகுமா?”

“அவன்தான் அழிச்சான்னு எப்படித் தெரியும்?”

“வேற யாரு? நீ துடைக்கிறது வெளிய அனுப்பும்போதுதானே. காத்தா வந்து அழிக்கும்?”

அங்கிருந்து திரும்பி வந்தால் சின்னவன் ஸ்பூனால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“சாப்பிடுடா.”

“பசிக்கல. நான் இறங்கி வந்து எழுதினேன் அக்கா. சம்மதம்னு எழுதினேன். ஒரு வாரமா மனசுக்குள்ள எழுதி எழுதிப் பார்த்தது. அவர் பார்த்துட்டு, தூக்கி எறிஞ்சுட்டு, பேசாம டப்பாவை எடுத்துட்டுப் போறார். ஒரே வாசல்ல தினம் அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? வீடும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் வீட்ல சொல்லிடுறேன்.”

“உன் பொண்டாட்டி பாதி சாமான் கட்டியிருப்பாளே.”

“அவிழ்க்கச் சொல்றேன்.”

டெஸ்டருக்குச் சந்தேகம் தட்டியது. அவளுக்குத் தொழிலே அதுதான். இரண்டு பேரும் எழுதியிருக்கிறார்கள், இரண்டும் இல்லை. இவன் அழித்தான் என்று அவர், அவர் அழித்தார் என்று இவன். அப்படியென்றால் மூன்றாவது கை ஒன்று இருக்க வேண்டும். தன் இடத்துக்கு வந்து இரண்டு ஃபைல்களையும் திறந்து, யார் எப்போது தொட்டார்கள் என்று பார்த்தாள். கடைசியாகத் தொட்டது மாமியார்.

மாமியார் என்றால் மனுஷி அல்ல. நிரலைச் சோதிக்க மேனேஜர் வாங்கிப்போட்ட ஒரு கருவி. அனுப்புகிற ஒவ்வொரு ஃபைலையும் பார்த்து, இங்கே இடம் விட்டது அதிகம், அங்கே பெயர் வைத்தது சரியில்லை என்று நொட்டை சொல்லும். அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததோடு சரி, கை வைத்ததில்லை.

எதிர் வரிசையில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டாள்.

“மாமியார் எப்பலேருந்து அழிக்க ஆரம்பிச்சாங்க?”

“இன்னைக்குக் காலைலேருந்து. தேவையில்லாத கமெண்டையெல்லாம் அதுவே எடுத்துடும்னு மேனேஜர் மெயில் போட்டிருந்தாரே, படிக்கலையா?”

“நீங்க படிச்சீங்களா?”

“நான் ஏன் படிக்கிறேன்? சுவிட்சைப் போடச் சொன்னார், போட்டேன்.”

“எடுத்ததை எங்க வைக்கும்?”

“பத்திரமாத்தான் வைக்கும். மூணு மணிக்கு எல்லாத்தையும் சேர்த்து ஒரு அறிக்கையா அனுப்பும்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருக்கும்னா?”

“இந்த மாடிக்கு மொத்தமா. மேனேஜர்தான் அப்படிக் கேட்டார். ஒருத்தர் தப்பைப் பார்த்து ஒருத்தர் திருந்தணுமாம்.”

டெஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முன்பே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் தூது போவதில்லை என்று சத்தியம் செய்திருந்தாளே. மாமியாரே தூது போகட்டும் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்கு மாடி முழுக்க ஒரே சமயத்தில் ‘டிங்’ என்றது. வழக்கமாக அப்படி வரும் மெயிலை யாரும் திறப்பதில்லை. எங்கோ ஒருவர் திறந்து சிரித்தார். அப்புறம் அவர் பக்கத்தில் இருந்தவர். பிறகு தீப்பிடித்த மாதிரி வரிசை வரிசையாகப் பரவியது.

நீக்கப்பட்டவை என்று தலைப்பு. “இதை எழுதிய புண்ணியவானை நான் ஒரு நாள் பார்க்க வேண்டும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழேயே, “பழைய பதிவைப் பார்த்தேன். எழுதியது நானேதான்” என்று அவரே எழுதியிருந்தார். “இந்த எண்ணைத் தொடாதீர்கள், ஏன் என்று எனக்கும் தெரியாது” என்பதும் போயிருந்தது. “மேனேஜர் கேட்டதால் இப்படி, அறிவுக்கு எட்டாது” என்ற கமெண்டை மட்டும் மாமியார் நீக்கவில்லை. நிரலுக்குத் தேவையான விளக்கம் என்று அடிக்குறிப்பில் பாராட்டியிருந்தது.

அதற்கு அடுத்து இருந்தது இது:

“தம்பி, அந்த வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடலாமா? உன் பையன் தவழுகிறவன். படிக்கட்டு ஆகாது. கீழ் வீட்டை நீ எடுத்துக்கொள். நாங்கள் மேலே போகிறோம்.” நீக்கிய காரணம்: நிரலோடு தொடர்பில்லை.

அதற்கும் கீழே:

“அண்ணே, வீட்டுக்குச் சம்மதம். உங்களுக்கு முட்டிவலி. நீங்கள் கீழே இருங்கள், நான் மேலே போகிறேன். அன்றைக்குச் சாப்பாட்டில் வைத்துப் பேசியது தப்பு.” நீக்கிய காரணம்: நிரலோடு தொடர்பில்லை.

இரண்டு சகலைகளும் படித்தார்கள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். சின்னவன் காது சிவந்துபோயிருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மாடி சும்மா இருக்குமா? சர்வர்காரர் முதலில் வந்தார். “நான் சொல்றேன் கேளுங்க, கீழ் வீட்லதான் கொசு.” கணக்குப் பிரிவிலிருந்து ஓர் அம்மா எழுந்து வந்து, “மேல் வீட்டுக்குத்தான் வெளிச்சம். துணி சீக்கிரம் காயும்” என்றார். “முட்டிவலிக்கு மாடிப்படி நல்லதுன்னு சொல்றாங்களே” என்றான் ஒருவன். “யாரு சொன்னது?” “முட்டிவலி இல்லாதவங்க.”

இரைச்சல் கேட்டு மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்தார்.

“என்ன இது? கம்பெனி நேரத்துல, கம்பெனி புரோகிராம்ல, வீட்டு விஷயமா?”

“அதைத்தான் சார் மாமியாரும் சொல்லியிருக்காங்க, புரோகிராமுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு” என்றாள் டெஸ்டர். “எங்களுக்கே தெரியாம இருந்தது. ஊருக்கெல்லாம் அனுப்பச் சொன்னது நீங்கதானே.”

மேனேஜர் யோசித்தார். தன்னைப் பற்றிய கமெண்டும் அந்த அறிக்கையில் பாராட்டோடு இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பெரியவர்தான் முதலில் வாயைத் திறந்தார். டெஸ்டர் தலைக்கு மேலாக.

“நீ அழிக்கலையா?”

“நீங்க அழிக்கலையா?”

“நமக்கு வீட்ல ஒரு மாமியார் போதாதா? இங்க வேற ஒண்ணு.”

“வீட்ல இருக்கிறவங்க இதைவிடத் தேவலாம் அண்ணே. சொல்லிட்டு அழிப்பாங்க.”

டெஸ்டர் இரண்டு பேருக்கும் நடுவே ஃபோனை மேசைமேல் வைத்து வீட்டுக்காரம்மாவை அழைத்தாள். எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியையும் போட்டாள்.

“யாரு? அந்த ரெண்டு பேரா?” என்றது குரல். “இன்னொரு குடும்பம் கிளம்பி வந்துக்கிட்டிருக்கு. சொல்லுங்க.”

“சம்மதம்மா” என்றார் பெரியவர். “தம்பி கீழ, நாங்க மேல.”

“இல்லம்மா, அண்ணன் கீழ, நாங்க மேல.”

“குழந்தை உருண்டு விழுந்தா யாரு பதில் சொல்றது?”

“கேட் போட்டுக்கலாம். உங்க முட்டிக்கு கேட் போட முடியுமா?”

“என் முட்டியைப் பத்தி உனக்கு யாரு சொன்னது?”

“தினம் நாற்காலியிலேருந்து எந்திரிக்கும்போது நீங்களேதான் சொல்றீங்க, மாடிக்கே கேக்குற மாதிரி.”

“நான் பெரியவன். நான் சொல்றதைக் கேளு.”

“இங்க நான்தான் ஒப்புதல் குடுக்கணும்.”

“வீட்டுக்குமா ஒப்புதல் குடுப்பே?”

“அன்னைக்குப் பேசினது தப்புன்னும் எழுதிட்டேன். இதுக்கு மேல என்ன செய்யணும்?”

“கீழ இருக்கணும். அதைத்தானே சொல்றேன்.”

கணக்குப் பிரிவு அம்மா மேல் வீட்டு வெளிச்சத்தைப் பற்றி மறுபடியும் ஏதோ சொன்னார். சர்வர்காரர் கொசுவைக் கொண்டுவந்தார். ஃபோன் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. டெஸ்டர்தான் அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

“ஏம்மா, பேசிக்கவே மாட்டாங்கன்னு சொன்னது இவங்களைத்தானா?”

“இவங்களேதான்.”

“இனிமே எப்பவும் இப்படித்தான் இருப்பாங்களா?”

டெஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்தாள். பெரியவர் காகிதத்தில் படிக்கட்டு வரைந்துகொண்டிருந்தார். சின்னவன் அதில் கேட் எங்கே வரும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“அப்படித்தான் தெரியுது.”

“சரி, தொட்டி வழிஞ்சா ஊருக்கே கேக்கும். சாவியை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க. வர்றவங்களைத் திரும்பிப் போகச் சொல்லிடுறேன். யாரு மேல, யாரு கீழங்கிறதை என்கிட்ட கொண்டு வராதீங்க.”

வைத்துவிட்டார். அதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. டெஸ்டர் பெரியவர் மனைவிக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: வீடு கிடைத்துவிட்டது, யாருக்கு எது என்று சண்டை நடக்கிறது, விலக்கிவிடட்டுமா?

பதில் உடனே வந்தது.

“வேண்டாம் அக்கா, நடக்கட்டும். நாங்க அடுப்படிச் சாமானைக் கட்டிக்கிட்டிருக்கோம்.”