வரலட்சுமி குறைத்த எட்டு கேஸ்

கீர்த்தனாவின் ரிசப்ஷனுக்கு எத்தனை பீர், எத்தனை ஒயின் வாங்குவது? செங்கல்பட்டு ஏரிக்கரைத் தெருவில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி ஒருவருக்குத்தான் உண்டு. அவரைத் தவிர யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று அவர் மனைவி வரலட்சுமி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அவரைத்தான் கேட்டார்கள்.

கேட்டது மகளேதான். காலையில் திருக்கழுக்குன்றம் மண்டபத்தில் முகூர்த்தம், மாலையில் மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் ரிசப்ஷன். மாப்பிள்ளை கலையரசனும் கீர்த்தனாவும் சிறுசேரியில் ஒரே கம்பெனி. ஆபீஸ் கூட்டம் மட்டும் எழுபது பேர். பீரும் ஒயினும் போதும், விஸ்கி, பிராந்தி மாதிரி ஹாட் வேண்டாம் என்று பிள்ளைகள் இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். ரிசார்ட் மேனேஜர் வரதன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். பத்து நாள் முன்னாலேயே எண்ணிக்கை சொல்லிவிட வேண்டும். சொன்னது உங்கள் சரக்கு. மீந்தால் திருப்பி எடுக்க மாட்டோம், உங்கள் வண்டியிலேயே ஏற்றிவிடுவோம்.

உங்கள் வண்டியிலேயே ஏற்றிவிடுவோம். வரலட்சுமி பயந்தது இந்த ஒரு வரிக்குத்தான்.

"நைனா, நெட்டுல ஒண்ணு சொல்றான், அவரோட மாமா ஒண்ணு சொல்றாரு. நீயே சொல்லிடு," என்றாள் கீர்த்தனா.

இரண்டு ஜல்லி லாரிக்குச் சொந்தக்காரரான செங்கல்வராயன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊரில் இப்படி ஒரு மரியாதை அவருக்குக் கிடைத்து ரொம்ப நாளாகியிருந்தது.

அவர் குடித்த காலத்துக் கதை தெருவுக்கே மனப்பாடம். டிரைவர் மணி அவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் இறக்கியது எத்தனை தடவை என்பதை எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணுவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கடைசிக் கதையைச் சொல்லும்போது அவளுக்கே குரல் இறங்கிவிடும். இரண்டு வருஷம் முன்பு ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் மீந்த நாலு கேஸ் பீர், 'யாராச்சும் எடுத்துனு போங்கப்பா' என்று இவர்கள் வண்டி டிக்கியில் ஏறி வீட்டுக்கு வந்தது. ஒன்பது நாள் குடித்தார். ஒன்பதாம் நாள் காலையில் மகளை ஸ்டேஷனில் விட பைக்கை எடுத்தவர், ஏரிக்கரை வளைவில் திரும்ப மறந்துவிட்டார். கீர்த்தனாவின் முழங்கையில் இன்றும் பிளேட் இருக்கிறது. கல்யாண ரவிக்கைகள் எல்லாவற்றுக்கும் கை நீளம்.

அந்த வாரமே வரலட்சுமி அவரை அச்சரப்பாக்கம் பக்கத்தில் இருக்கும் முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். குடியை விட அங்கே கையில் கயிறு கட்டுவார்கள். கட்டும் முன்னால் "எத்தினி மாசத்துக்கு?" என்று பூசாரி கேட்பார். சொன்ன கெடு வரைக்கும் முனி பார்த்துக்கொள்வார். கெடு முடிந்தால் மறுபடி வந்து கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவரவர் பாடு. சாதாரணமாக ஆறு மாசம்தான் கேட்பார்களாம். செங்கல்வராயன் மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே "ரெண்டு வருசம்" என்றார். பூசாரியே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

அது ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இந்த வருஷம் கல்யாணத்துக்குக் குறித்திருப்பதும் ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை.

ஐயர் மூன்று தேதி கொடுத்திருந்தார். இதுவே இருக்கட்டும் என்றவர் செங்கல்வராயன். ரிசார்ட் அன்றைக்குத்தான் கிடைத்தது என்று காரணமும் சொன்னார். வரலட்சுமி காலண்டரை மூன்று தரம் பார்த்தாள், யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அவருக்கு ஞாபகம் வந்துவிடும். சொல்லாவிட்டால், ஒருவேளை ஏற்கெனவே ஞாபகம் இருக்கிறதோ?

செங்கல்வராயன் பத்திரிகைக் கவரின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். நெட்டில் வருவதுபோலத் தலைக்கு இரண்டு என்று பெருக்கும் ஆள் இல்லை அவர். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, கண்ணை மூடி அந்த ஆளை ஒரு மேஜையில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்.

"மாப்ள மாமன் ராமதாஸு. சத்தமா பேசற ஆளு, நாலு போடு. அவுரு தம்பி வேணாம் வேணாம்னுவாரு. வேணான்றவனுக்கு அஞ்சு. முனிசாமி பொண்டாட்டியோட வராரு, ஒண்ணு. பொண்டாட்டி சீக்கிரம் கெளம்பிட்டா மூணு."

கீர்த்தனா சிரிசிரி என்று சிரித்தாள். வரலட்சுமி சிரிக்கவில்லை. கண்ணை மூடும்போது அவர் தொண்டை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒயினில்தான் மனிதர் தடுமாறினார். இருபது வருஷம் ஒயின் ஷாப்புக்குப் போனவர், ஒயினைக் கண்ணால் பார்த்ததில்லை.

"ஒரு பாட்டிலுக்கு அஞ்சு கிளாஸ் வரும் நைனா. எங்க டீம்ல முப்பது பேரு குடிப்பாங்க, ஆளுக்கு ரெண்டு கிளாஸ்."

"அப்ப பன்னெண்டு. கைதவறி ஊத்தறதுக்கு ரெண்டு. பதினாலுன்னு வெச்சுக்கோ."

கறிவேப்பிலை கேட்டு வந்து அரைமணி நேரமாக நின்றிருந்த சின்னப்பொண்ணு மோவாயில் கைவைத்தாள். "பொண்ணுங்களும் குடிக்குங்களா வரலட்சுமி? கண்ணாடி கிளாஸ்லயா?"

"இல்ல, சொம்புல," என்றாள் வரலட்சுமி. கறிவேப்பிலையைக் கையில் திணித்து அனுப்பினாள்.

மொத்தம் இருபது கேஸ் பீர் என்று முடிந்தது. அதில் இரண்டு கேஸ் பத்தாமல் போகாமலிருக்க. பெண் வீட்டுக்காரன் பந்தியில் எது குறைந்தாலும் மன்னிப்பார்கள், இது குறைந்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் பேசுவார்கள் என்பது அவர் அனுபவம்.

இரண்டு கேஸ் மீந்துபோகும் என்று அவரே சொல்கிறார். இருபத்துநாலு பாட்டில். கெடு முடிந்த அன்றைக்கு அது நம்ம டிக்கியில் ஏறும். அந்த நினைப்பு வந்ததிலிருந்து வரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. மிக்சி ஓடினால் பாட்டில் உருளுகிற மாதிரி இருந்தது. புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தவள் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டாள். நாலாம் நாள், அவர் லோடு ஏற்றப் போன நேரம் பார்த்து ரிசார்ட்டுக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த இருவது கேஸு வேணாம். பன்னெண்டு போதும்."

"சார் இருவதுன்னாரே மேடம்?"

"வூட்ல பேசிட்டோம். பன்னெண்டு."

போனை வைத்தாள். பத்தாமல் போனால் என்ன, கொஞ்சம் அவமானம். அவமானம் டிக்கியில் ஏறி வீட்டுக்கு வராது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது செங்கல்வராயன் அழுதார். சின்னப்பொண்ணு தன் புருஷனை இடித்துக் காட்டினாள். மாலையில் மகள் எடுத்துக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ரிசார்ட் வாசலில் நின்று எல்லோரையும் கும்பிட்டார். கோட்டுக் கை மணிக்கட்டைத் தாண்டி இறங்கியிருந்தது. அவர் கும்பிடும்போதெல்லாம் வரலட்சுமி அங்கேயே பார்த்தாள். கயிறு தெரியவே இல்லை.

புல்வெளி ஓரத்தில், கடல் பக்கமாக, சீரியல் லைட் போட்டு பீர் கவுண்டரை வைத்திருந்தார்கள். ஏழரை மணிக்கு அங்கே சத்தம் கேட்டது.

"இன்னாய்யா இது, பீரு இல்லையா? இப்பதான் வாய நனைச்சேன்!"

ராமதாஸ்தான். நாலு என்று கணித்த ஆள், இரண்டில் நின்றுகொண்டிருந்தார். அவர் தம்பி, அந்த வேண்டாம் வேண்டாம் ஆள், காலி கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரதன் ஓடி வந்தார். "பக்கத்து ஹால்லயும் ஃபங்ஷன் சார். புக் பண்ணதுக்கு மேல என்கிட்ட இல்ல. பன்னெண்டுதானே சொன்னீங்க?"

"பன்னெண்டா?" என்றார் செங்கல்வராயன்.

"மேடம்தான் போன் பண்ணி..."

வரதன் வாக்கியத்தை முடிக்கவில்லை. செங்கல்வராயன் திரும்பி, ஐஸ்கிரீம் மேஜைப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். பிறகு ராமதாஸிடம் கைகூப்பினார்.

"தப்பு என்னுதுதான் சம்பந்தி. கணக்கு தப்பாப் போட்டுட்டேன்."

"உங்களுக்கா கணக்கு தப்பும்? ஊரே உங்கள பத்திப் பெருமையா சொல்லிச்சே!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராமதாஸ் அவர் தோளில் கை போட்டார். "வுடுங்க. ரோட்டு மேல கடை கீது. வாங்க, ரெண்டு பேருமா போயி ஒரு பத்து கேஸு போட்டுனு வருவோம். உங்களுக்கும் காத்தாட இருக்கும்."

பெண்ணைக் கொடுத்த இடம். தாய்மாமன் தோளில் கை போட்டுக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மணி வண்டியை எடுத்தான். வரலட்சுமி புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதற்குள் சிவப்பு விளக்கு கேட்டைத் தாண்டிவிட்டது.

மீந்து வீட்டுக்கு வரக் கூடாது என்று பயந்தாள். இப்போது அவரையே கடைக்கு அனுப்பிவைத்திருக்கிறாள், அதுவும் கெடு முடிந்த நாளில், தன் கையாலேயே.

மேடையில் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். "நைனா எங்கம்மா?" என்று கீர்த்தனா கேட்டாள். "ஐஸ் வாங்கப் போயிருக்காரு," என்றாள். மகள் நீளக் கை ரவிக்கைக்கு மேலே முழங்கையைத் தடவிக்கொண்டாள். தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ. வரலட்சுமி அதற்கு மேல் மேடையில் நிற்கவில்லை.

பார்க்கிங்கில் போய் நின்றாள். எட்டு மணி ஆயிற்று. கடை போக ஐந்து நிமிஷம், வர ஐந்து நிமிஷம். எட்டேகால். ரோட்டில் வரும் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு அடி முன்னால் வைத்தாள். எட்டரைக்கு, வண்டி எதுவும் வராமல், ஓர் ஆள் மட்டும் ரோட்டோரமாக நடந்து வருவது தெரிந்தது. நடை நேராக இல்லை.

கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, புது ஷூ காலைக் கடித்திருந்தது. ஒரு ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மோந்து பாத்துக்கோ," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே.

பார்த்தாள். இருபத்தேழு வருஷப் பழக்கம், அவள் மூக்குக்குத் தப்பாது. வியர்வை, உப்புக் காற்று, காலையில் தெளித்த பன்னீர். அவ்வளவுதான்.

"வாசல்லயே நின்னேன் வரலட்சுமி. கால் மணி நேரம். சம்பந்தி உள்ள போயிட்டு வாங்க வாங்கன்னு கூப்புட்டுகினே இருக்காரு. ஒரு கால் உள்ள வெச்சிட்டேன். அந்த வாசன..." நிறுத்தினார். "வண்டிய மணிகிட்ட வுட்டுட்டு நடந்து வந்துட்டேன். கோச்சிக்குவாரு. கோச்சிக்கட்டும்."

"நான்தாங்க கொறைச்சேன்."

"தெரியும். எட்டு கேஸு கொறையுற அளவுக்கு என் கணக்கு தப்பாதுடி." அந்த நிலையிலும் குரலில் ஒரு கர்வம்.

கோட்டுக் கையை மேலே இழுத்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கயிறு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த வளையம் மட்டும்.

"காலைல குளிக்கறப்பவே அறுந்துடுச்சி. ரெண்டு வருசம்னா கரெக்டா ரெண்டு வருசம். சொன்னா நீ கல்யாணத்த நிம்மதியா பாக்க மாட்டேன்னு சொல்லல." சட்டைப் பையிலிருந்து இற்றுப்போன கயிற்றை எடுத்துக் காட்டினார். "கோயிலு வரைக்கும் தாங்காது போலகீது. நீயே ஒண்ணு கட்டு."

அவளிடம் கயிறு ஏது? கையில் மாட்டியிருந்த தாம்பூலப் பை ஞாபகம் வந்தது. மஞ்சள் துணிப்பை, சுருக்குக் கயிறு வைத்தது. தேங்காயைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றை உருவினாள். அவர் கையை நீட்டினார். பூசாரி கேட்காமல் கட்ட மாட்டார் என்பது நினைவுக்கு வர, அவளும் கேட்டாள்.

"எத்தினி மாசத்துக்கு?"

செங்கல்வராயன் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதல் தடவை மாதிரி வருஷக் கணக்கு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"பொழுது விடியற வரைக்கும் கட்டு. காலைல பூசாரிய பாத்துக்கலாம்."

அவள் ஒரு முடிச்சு போட்டாள். "இன்னா ரெண்டு பேரும், பொண்ண மேடையில வுட்டுட்டு கைய புடிச்சிகினு நிக்கறீங்க?" என்று புல்வெளிப் பக்கத்திலிருந்து சின்னப்பொண்ணுவின் குரல் வந்தது. இரண்டாவது முடிச்சு போட்டாள்.

அப்போது கேட்டில் வண்டி திரும்பியது. இவர்கள் வண்டிதான். மணி ஓட்ட, ராமதாஸ் முன்சீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். செக்யூரிட்டி கை காட்டி மறித்து, வெளிச் சரக்கு உள்ளே போகாது என்றான்.

"அப்ப டிக்கியிலயே கெடக்கட்டும்!" என்று ராமதாஸ் கத்தினார். "சம்பந்தி வூட்டுக்குப் போயி பாத்துக்குவாரு!"

வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. டிக்கிக்குள் பத்து கேஸும் ஒன்றாகக் குலுங்கின. செங்கல்வராயனின் கை அவள் கைக்குள் இறுகியது.

வரலட்சுமி நிமிரவில்லை. மூன்றாவது முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கினாள். பிறகு நாலாவது.

"மணி," என்று குரல் கொடுத்தாள், கயிற்றை விடாமலே. "சாவிய என்கிட்ட கொண்டா. வண்டி இங்கியே நிக்கட்டும், நாங்க பஸ்ல போறோம்."