பட்டுச்சேலைக்குள் இருந்த சுருட்டு

முதல் இழுப்பிலேயே அந்துருண்டை நாற்றம் அடித்தது. எதிர் சோபாவின் நுனியில் அரங்கசாமி உட்கார்ந்திருந்ததால் நான் முகத்தைச் சுளிக்கவில்லை.

ஹவானா சுருட்டு அது. மாதத்துக்கு ஒன்று, ஞாயிறு மத்தியானம், ஆர்.எஸ்.புரம் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து பிடிப்பேன். பற்றவைத்ததும் வறுத்த காப்பிக்கொட்டை வாசம் வரும், பாதிக்குமேல் லேசாக இனிக்கும். அன்றைக்குப் பீரோவைத் திறந்த வாசம்தான் வந்தது. காரணம் உடனே புரிந்துவிட்டது. போன வாரம் மாமனாரும் மாமியாரும் வந்து தங்கியபோது, மருமகன் சுருட்டுப் பிடிப்பது தெரியக்கூடாதென்று என் மனைவி அன்புச்செல்வி பெட்டியைத் தன் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் ஒளித்துவைத்திருந்தாள். என் மானத்தைக் காப்பாற்றப் போய் மானத்தை வாங்கிவிட்டாள்.

இந்த நாளுக்காக நான் முப்பத்திரண்டு வருடம் காத்திருந்தேன். கோபிசெட்டிபாளையம் பக்கம் அரங்கசாமியின் புகையிலைக் காட்டில் என் அப்பா மாசாணம் கூலிக்கு இலை அறுத்தார். ஒருநாள் உச்சிப்பொழுதில், உதிர்ந்து கிடந்த சருகிலையைச் சுருட்டிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்தார். புல்லட்டில் வந்து நின்ற அரங்கசாமி, "எம் முன்னால உனக்குப் பொகையாடா? அணைச்சுப்போடு" என்றார். அப்பா தரையில் தேய்க்கக் குனிந்தார். தரையில் வேண்டாம், கையில் அணை என்றார். அத்தனை ஆட்களும் பார்க்க, அப்பா அணைத்தார். சோற்றுப்போசியோடு நின்ற எனக்குப் பதினோரு வயது. சாகும்வரை அந்த வடுவோடுதான் அவர் சோறு பிசைந்தார். புகையைத் தொடவே இல்லை. நான் சுருட்டுப் பழகியதே அதனால்தான். என்றைக்காவது இந்த ஆள் முன்னால் கால்மேல் கால் போட்டு, ஒரு முழுச் சுருட்டையும் ஆற அமர இழுத்து முடிக்கவேண்டும். அது நடந்தால் போதும் என்றிருந்தேன்.

அந்த நாளை அவரே கொண்டுவந்து கொடுத்தார். சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அவர் பேத்தி சண்முகப்பிரியா இன்டர்வியூ முடித்திருந்தாள். முடிவு என் கையில். நான் யார் மகன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நான் உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"உங்கப்பன் நல்ல மனுசனுங்க. ஒருநாளும் எதுத்துப் பேசமாட்டான்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, "பேசமாட்டாருங்க" என்றார்.

எனக்கிருந்த வேகத்தில் முகர்ந்துகூடப் பார்க்காமல் சுருட்டின் நுனியை வெட்டிப் பற்றவைத்தேன். எங்கள் பக்கம் பெரியவர்களைக் கண்டால் பீடியைக்கூட முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அவருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று முகத்தையே பார்த்தேன். அவரோ காற்றை முகர்ந்துகொண்டிருந்தார்.

"இலை ஒசத்தியான இலைதானுங்க. பீரோவுல வெச்சிருந்தீங்களாட்ட இருக்குது. பொகையிலை பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்குமுங்க."

குரலில் கேலி இல்லை. அதுதான் எனக்கு எரிந்தது. மறுபடி இழுத்தேன். தொண்டை கசந்து குமட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் கட்டியது. போயும் போயும் இந்த ஆள் முன்னாலா என்று ஆத்திரம் பொங்கியது.

"ஒடம்புக்கு ஆகாதுங்க கண்ணு. அணைச்சுப்போடுங்க" என்றார்.

அதே வார்த்தை. மரியாதை மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது. அன்று காட்டில் நடந்தது எதுவுமே அவருக்கு நினைவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. செய்ததைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ, மறந்துபோனதை என்னால் தாங்க முடியவில்லை.

அணைக்கவில்லை. வேண்டுமென்றே ஆழமாக இழுத்தேன். கங்கு சிவந்தது. சாம்பல் ஒரு விரற்கடை வளர்ந்து வளைந்து நின்றது. சாம்பல் கிண்ணம் பால்கனியில் இருந்தது. காலடியில் அன்புச்செல்வி ஆசையாக வாங்கிப்போட்ட வெள்ளை விரிப்பு. அரங்கசாமி அதைக் கவனித்துவிட்டு அவசரமாக முன்னால் சரிந்தார். வலது உள்ளங்கையைக் குழித்துச் சுருட்டுக்கு அடியில் நீட்டினார்.

"இதுல தட்டுங்க தம்பி."

எண்பது வயதிலும் ஒரு தழும்பு இல்லாத கை. கங்குக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் தூரம் இருந்தது. நான் சுருட்டை மெல்லத் தாழ்த்தினேன். அவர் கையை எடுக்கவில்லை.