ஜிபாராவின் இரட்டைக் கீபோர்டு

சூடு பட்டது ஜிபாராவுக்குத் தெரியவில்லை. முதலில் தீய்ந்த நாற்றம்தான் வந்தது. குனிந்து பார்த்தால், ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் அவளுடைய வலது ஆள்காட்டி விரல்மேல் சாய்ந்திருந்தது.

"அண்ணி! கையை எடுங்க!" நாத்தனார் பெர்மெத் அயர்னைப் பிடுங்கினாள். "கத்தக்கூட இல்லையே! நீங்க என்ன மரமா?"

"வலிக்கலடி" என்றாள் ஜிபாரா. சொன்ன பிறகுதான் தீய்ந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் ஜிபாராவுக்கு வேலை. செய்தி வாசிக்க வாசிக்க, காது கேளாதவர்களுக்காக அதை எழுத்தில் தட்டித் திரையில் ஓடவிட வேண்டும். குளிர் தொடங்கியதிலிருந்து விரல்கள் மரத்துப்போயின. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, இப்படியே கையை வளைத்துத் தட்டினால் ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீசில் அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார்கள்.

செல்போன் பழுது பார்க்கிற பெர்மெத்தான் வழி சொன்னாள். கீபோர்டை இரண்டாகப் பிரித்துத் தோள் அகலத்துக்குத் தள்ளி வைத்தால் மணிக்கட்டு நேராக இருக்குமாம். விற்கிற விலைக்கு வாங்க முடியாது. அதனால் உடைந்த கீபோர்டுகளிலிருந்து பொத்தான்களைக் கழற்றினார்கள். காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகையை அறுத்து, ஜிபாராவின் விரல் நீளத்துக்கு ஏற்பத் துளையிட்டார்கள். பழைய டெலிபோன் ஒயரை உரித்து, கரன்டை ஒரே திசையில் விடும் டயோடுகளை வைத்துப் பொத்தான் பொத்தானாக இணைத்தார்கள். ரஷ்யக் கீபோர்டு வரிசையில் இல்லாத மூன்று கிர்கிஸ் எழுத்துகளும் கட்டைவிரலுக்குக் கீழே வந்தன.

விரலில் கட்டுப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பெர்மெத்தே பற்றவைத்தாள். ஜிபாரா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஆபீஸ் மடிக்கணினியில் செருகினார்கள். இடது பாதி எழுதியது. வலது பாதியில் ஒரு வரிசை முழுக்கச் செத்துக் கிடந்தது. பதற்றத்தில் ஜிபாரா இரண்டு பாதியையும் இணைக்கும் ஒயரை உருவினாள். திரை கறுத்தது.

"கரன்ட் இருக்கும்போது அதைத் தொடாதீங்கன்னு தலதலயா அடிச்சுக்கிட்டேனே!"

ஜிபாரா உருவிய ஒயரைக் கீழே போட்டாள். ஆபீஸ் பொருள். என்ன சொல்லிக் கொண்டுபோய்க் கொடுப்பது? பெர்மெத் மடிக்கணினியின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அழுத்தினாள். விசிறி முனகியது, திரை வெளுத்தது.

"பொழச்சுது. ஷார்ட் ஆனதும் தானா அணைஞ்சிருக்கு." பெர்மெத் வலது பாதியைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இந்த வரிசை நீங்க வச்சதுதானே? டயோடு அத்தனையும் தலைகீழா இருக்கு அண்ணி. கரன்ட் எப்படிப் போகும்?"

பெர்மெத் டயோடுகளைத் திருப்பிப் பற்றவைத்ததும் அந்த வரிசையும் எழுதியது. திங்கட்கிழமை ஜிபாரா கீபோர்டை நிலையத்துக்குக் கொண்டுபோனாள். ஓஷ் நகருக்குப் போகும் மலைச்சாலையில் பனிச்சரிவு, கணவாய் மூடல் என்று செய்தி வாசிப்பவர் படபடவென்று வாசித்துக்கொண்டே போனார். முதல் வரியிலேயே ஜிபாராவின் விரல்கள் தடுமாறின. பாதி வாக்கியம் விழுந்துபோனது. ஊர் முழுக்கப் பார்த்திருக்கும் என்று பயந்தாள். கண்ணைத் திரையிலேயே நட்டு வைத்தாள். மெல்ல மெல்லக் கை பிடிபட்டது. சிக்கியிருந்த லாரிகளின் செய்தி விடாமல் ஓடியது.

முடிந்ததும் செய்தி ஆசிரியர் எர்கின் வந்து நின்றார். "என்னம்மா இது, வெடிகுண்டு மாதிரி? விரலுக்கு என்ன?"

இனி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் ஒயர்களையும் கட்டுப்போட்ட விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டர் சீட்டை நாளைக்குக் கொண்டா. மேல பேசிப் பார்க்கறேன். என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியல."

"சரிங்க" என்றாள். மாலைச் செய்திக்கு அவளைத் தவிர ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.