ஹலீம் காக்காவின் லைட்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற வீதியில் வாகனம் ஓட்டுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. வழியில் பொலிஸ் நிற்பதைப் பார்த்துவிட்டு வருகிறவன், எதிரே வருகிறவனுக்கு இரண்டு தரம் லைட் அடித்துக் காட்ட வேண்டும். அவன் முன்பின் தெரியாதவனாக இருக்கலாம், எல்லைத் தகராறில் எதிராளியாகவே இருக்கலாம், அடித்தே ஆக வேண்டும். லைட்டைக் கண்டதும் கைப்பிடியில் தொங்குகிற ஹெல்மட் தலைக்கு ஏறும். வேகம் குறையும். முகத்தில் நல்ல பிள்ளைக் களை வந்துவிடும். பொலிஸைத் தாண்டியதும் ஹெல்மட் பழையபடி கைப்பிடிக்கு இறங்கிவிடும். எங்கள் பக்கத்தில் தலையைவிட மோட்டார் சைக்கிள் கைப்பிடிக்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

இந்தச் சட்டத்துக்குக் காத்தான்குடி ஹலீம் காக்காதான் தலைமகன். தனியார் பஸ் ஓட்டுகிறவர்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். மற்ற சாரதிமார் சும்மா விளையாட்டுக்கும் லைட் அடிப்பார்கள், கூட்டாளியைப் பயங்காட்டிச் சிரிப்பார்கள். ஹலீம் காக்காவிடம் அந்த வேலை கிடையாது. அவர் அடித்தால் பொலிஸ் நிற்கும், அடிக்காவிட்டால் நிற்காது. தேநீர்க் கடையில் பிளேன்ரீ குடிக்கிற பொடியன்கள், “ஹலீம் காக்காட பஸ் போயிட்டா? லைட் அடிச்சாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை உதைப்பார்கள். இதை யாராவது அவர் காதில் போட்டால் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். ஓட்டுகிற பஸ் வேறு ஆளுடையது, ஊரில் பெரிய மனிதருமில்லை. ஹலீம் பொய் சொல்லமாட்டான் என்ற பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்துவைத்தது.

அந்தப் பெயருக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது.

வீதியில் புளியடி வளைவு என்று ஓர் இடம். ஒரு பக்கம் பஸ் தரிப்பிடம், மறுபக்கம் தாய் சேய் கிளினிக். வளைவு திரும்பும்வரை யார் கடக்கிறார்கள் என்று சாரதிக்குத் தெரியாது. அங்கே அடிபடுகிறவர்களைத் தைத்துத் தைத்து அலுத்துப்போனவள் மேர்லின், ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் தாதி. தைக்கிறதை விட்டு விழுகிறதை நிறுத்தினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பெரியகல்லாற்றில் மீன் லொறி ஓட்டுகிற பேர்னாட்டைப் பிடித்தாள். மண்முனைப் பாலத்தால் நெல் மூட்டையோடு வருகிற உழவு இயந்திரங்களுக்காகக் கொக்கட்டிச்சோலையிலிருந்து தக்ஷாயினியைப் பிடித்தாள். காத்தான்குடிக்கு யார் என்று கேட்டபோது எல்லோரும் ஒரே வாயாக ஹலீம் காக்கா என்றார்கள். இப்படித்தான் மூன்று ஊரும் சேர்ந்த வீதிக் குழு உண்டானது.

குழு செய்யாத வேலை இல்லை. பதாகை கட்டினார்கள், கச்சான் காற்று அதைக் கொண்டுபோய் வாவியில் போட்டது. ஊர்வலம் வைத்தார்கள், வந்த சனம் றோல்ஸைத் தின்றுவிட்டு ஹெல்மட் இல்லாமல் வீட்டுக்குப் போனது. உருப்படியாக நடந்தது ஒன்றுதான். தக்ஷாயினி வீடு வீடாக ஏறிச் சண்டை பிடித்து, அந்தப் பக்கத்து உழவு இயந்திரப் பெட்டிகளுக்கெல்லாம் பின்னால் ஒளிரும் தகடு ஒட்டவைத்தாள். ஆனால் புளியடி வளைவில் மட்டும் யாரும் வேகத்தைக் குறைக்கிறதாக இல்லை.

அன்றைக்குத் தேவாலய மண்டபத்தில் கூட்டம். பேர்னாட் கதிரையில் சாய்ந்துகொண்டு பகிடியாகச் சொன்னார்.

“இந்தச் சனம் பதாகைக்கும் பயமில்ல, சாவுக்கும் பயமில்ல. ஹலீம் காக்காட லைட்டுக்கு மட்டுந்தான் பயம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் மேர்லின் ஹலீம் காக்காவைப் பார்த்தாள். தக்ஷாயினி பார்த்தாள். சொன்ன பேர்னாட்டும் தான் சொன்னது என்ன என்று அப்போதுதான் விளங்கினவராகத் திரும்பிப் பார்த்தார்.

“என்னத்துக்கு எல்லாரும் என்னப் பாக்குறீங்க?”

“காக்கா, வளைவுக்கு இஞ்சால வரக்குள்ள, பொலிஸ் நிண்டாலும் நிக்காட்டியும், நீங்க ஒருக்கா லைட் அடிச்சிட்டுப் போனீங்கெண்டா...” என்று மேர்லின் இழுத்தாள்.

“பொலிஸ் இல்லாத இடத்தில இரிக்கி எண்டு பொய் சொல்லச் சொல்லுறீங்க.”

“நல்லதுக்குத்தானே காக்கா.”

“மிஸ், இந்த ரோட்டில நான் ஒரு நாளும் பொய்க்கு லைட் அடிச்சதில்ல. ஆக்கள் என்ன நம்புற. அத வச்சி ஏமாத்தச் சொன்னா அது வேற ஆளப் பாருங்க.”

எழுந்துவிட்டார். மேர்லினுக்கும் கோபம் மூக்கு நுனியில் நிற்கிற சுபாவம். ஆனாலும் அடக்கிக்கொண்டு, வாசல்வரை போனவரிடம் ஒன்று மட்டும் சொன்னாள். “உங்கட ஊர்ப் பொடியன் றிஸ்லான் எங்கட வார்ட்டில கிடக்கிறான். அந்த வளைவிலதான் விழுந்தவன். ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்க.”

றிஸ்லான் கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்கிறவன். போன மாதந்தான் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். மறுநாள் பின்னேரம் அஸர் தொழுத கையோடு ஹலீம் காக்கா ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார். தலையில் பெரிய கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இவரைக் கண்டதும் பொடியனுக்கு ஒரே சந்தோசம், எழும்பி உட்காரப் பார்த்தான்.

“படு மனே, படு. எப்பிடி விழுந்த?”

“மாடு குறுக்க வந்த காக்கா. நானும் கொஞ்சம் வேகந்தான்.”

“ஹெல்மட் எங்க?”

“கைப்பிடியில.”

“ஏன் மனே, போட்டா என்ன?”

“போட்டுக்குத்தான் வந்த நான். எதிருக்க உங்கட பஸ் வந்த. நீங்க லைட் அடிக்கல்ல. அப்ப பொலிஸ் இல்ல எண்டு கழட்டித் தொங்கவிட்டன்.”

குற்றம் சாட்டுகிற நினைப்பே அவனுக்கு இல்லை. மழை பெய்தது, குடை பிடித்தேன் என்கிற மாதிரிச் சொன்னான். பக்கத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த மேர்லின் தலையை நிமிர்த்தவேயில்லை. ஹலீம் காக்கா ஆப்பிள் பையை மேசையில் வைத்தார். அது சரிந்து பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. மனைவி ஸகியா கறிச் சட்டியை நகர்த்திவைத்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னார்.

“ஒரு பொய்யும் சொல்லாம இரிந்து ஒரு புள்ளைட மண்டைய உடைச்சிப் போட்டன் ஸகியா.”

“நீங்களா உடைச்ச? மாடு உடைச்ச.”

“லைட் அடிச்சா இரிக்கி, அடிக்காட்டி இல்ல. அடிக்காம வாற ஒவ்வொரு தரமும், பறந்து போங்கடா எண்டு நாந்தான் சொல்லிக்கிருந்திருக்கன்.”

ஸகியா யோசித்தாள். சமாதானம் சொல்லுவதில் அவளை வெல்ல ஆளில்லை. “சரி, அடிங்களேன். பொலிஸ் நிக்கிற எண்டு வாயால சொல்லுறீங்களா? லைட்தானே. லைட்டுக்கு வாய் இரிக்கா?”

“அது என்ன சொல்லுது எண்டு எனக்கும் தெரியும், காணுறவனுக்கும் தெரியும். சுத்தி வளைக்காத. பொய் பொய்தான்.” அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “ஆனா சொல்லத்தான் போறன். கேள்வி வந்தா அல்லாஹ்கிட்ட நான் பதில் சொல்லுறன்.”

அதற்குப் பிறகுதான் மனிதர் சாப்பிட்டார்.

முடிவெடுக்கிறது லேசு, கை கேட்க வேண்டுமே. அடுத்த நாள் காலை வளைவைத் தாண்டி வந்ததும் எதிரே வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். முன்னால் வந்தவனுக்குப் பின்னால் மனைவி, நடுவில் பிள்ளை, ஒருவர் தலையிலும் ஒன்றுமில்லை. லைட் சுவிட்சுக்கு மேல் விரல் இருந்தது, அழுத்தவில்லை. அவர்கள் கடந்து போய்விட்டார்கள். கொண்டக்டர் அஹமட் இவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அடுத்த கூட்டம் வந்தபோது ஹலீம் காக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார், இரண்டு தரம். அடடா, அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் அத்தனை ஹெல்மட்டும் தலைக்கு ஏறின. போனில் கதைத்துக்கொண்டு வந்தவன் போனைச் சட்டைக்குள் போட்டான். இறால் ஏற்றி வந்த ஒரு வானின் சாரதி, எந்தக் காலத்திலோ கட்டிய இருக்கைப் பட்டியைத் தேடி இழுத்தான். எல்லோரும் கலியாண ஊர்வலம் மாதிரி மெல்ல மெல்ல வளைவுக்குள் போனார்கள்.

“பொலிஸ் எங்க காக்கா? நான் காணல்லையே” என்றான் அஹமட்.

“வாய மூடிக்கு டிக்கட்டக் கிழி.”

பேர்னாட் விடுவாரா? அவரும் மீன் லொறியிலிருந்து அடிக்கத் தொடங்கினார். தக்ஷாயினி சொல்லி அந்தப் பக்கத்து உழவு இயந்திரக்காரர்களும் அடித்தார்கள். மூன்று ஊர்ச் சாரதிகளும் ஒரு பொய்யைப் பங்குபோட்டுச் சொன்னதில் புளியடி வளைவு அடங்கியது. வார்ட்டில் கட்டில் காலியாகக் கிடக்கிறது என்று மேர்லின் சொன்னபோது பேர்னாட் மண்டபத்திலேயே எழுந்து ஒரு சுற்று ஆடினார். ஹலீம் காக்காவும் சிரித்தார்தான்.

ஆனால் பொய்க்கு ஆயுள் எவ்வளவு? சனம் முட்டாளில்லை. நாள் தவறாமல் லைட் அடித்தும் ஒரு பொலிஸ் தொப்பி கூடத் தென்படாவிட்டால் யாருக்கும் விளங்கும். தேநீர்க் கடையில் கதை வந்துவிட்டது. “ஹலீம் காக்காவும் இப்ப பொய் லைட்தான்” என்று ஒருவன் அவர் காது கேட்கவே சொன்னான். இன்னொருவன், “வயசு போயிட்டு, கை நடுங்கி அடிபடுது போல” என்றான். அவர் பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினார். ஊரெல்லாம் நம்பிய மனிதனைப் பகிடி பண்ணினால் வலிக்காதா? வலித்தது. லைட்டை மட்டும் நிறுத்தவில்லை. நம்புகிறவன் நம்பட்டும் என்று அடித்துக்கொண்டே போனார். இனித் தன் பேச்சை அந்த வீதியில் யாரும் பொருட்டாக எடுக்கப்போவதில்லை என்றே நினைத்திருந்தார்.

பெரியகல்லாற்றுத் தேவாலயத் திருநாள் வந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. வாகன நெரிசலைப் பார்க்கப் பொலிஸ்காரர்கள் முழுப்பேரும் தேவாலயத்தடியில் நிற்கிறார்கள் என்று காலையிலேயே பேர்னாட் போனில் சொல்லியிருந்தார். பின்னால் ஒரு நீலப் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே முட்டுகிற மாதிரி வந்தது. அடுத்த தரிப்பில் நிற்கிற சனத்தை யார் முதலில் அள்ளுவது என்பதுதான் போட்டி. ஹலீம் காக்கா நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் பஸ் சாரதிதானே. நீலப் பஸ்காரனுக்கு இடம் விடமாட்டேன் என்று ரோசம் வந்துவிட்டது. புளியடி நெருங்க நெருங்க அவருடைய கால் அழுத்திக்கொண்டே போனது.

அப்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் ஹெல்மட் போட்டிருந்தான். இரண்டு தரம் லைட் அடித்தான். கிட்டே வந்ததும் முகம் தெரிந்தது, றிஸ்லான்.

வளைவில் பொலிஸ் இல்லை என்பது அந்த வீதியிலேயே ஹலீம் காக்காவுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். அது எப்படிப்பட்ட லைட் என்றும் தெரியும், அதைத் தொடங்கிவைத்தவரே அவர்தான். ஆனாலும் கால் தானாகப் பிறேக்குக்குப் போனது. நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள், ஒரு கிழவர் வைதார். பின்னால் நீலப் பஸ்ஸும் வேறு வழியில்லாமல் கிரீச்சென்று வேகத்தைக் குறைத்தது. மெல்ல ஊர்ந்து வளைவைத் திரும்பினார்கள்.

நடு வீதியில் ஒரு தாய் குந்தியிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த சின்னச் சப்பாத்தை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். அதன் பெருவிரல் உள்ளே போக மறுத்தது. அவள் அவசரப்படவில்லை. மாட்டி முடித்து, எழுந்து, பஸ்ஸை ஒரு பொருட்டாகவும் பார்க்காமல் கிளினிக் பக்கம் நடந்துபோனாள். அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஹலீம் காக்கா பஸ்ஸை அப்படியே நிறுத்தியிருந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

நீலப் பஸ் இப்போது ஹோர்ன் அடிக்கவில்லை. அஹமட் முன் படியிலிருந்து எட்டி வீதியின் இரு பக்கமும் பார்த்தான்.

“பொலிஸ் இல்லையே காக்கா.”

“இல்லதான்.”

“அப்ப தெரிஞ்சிக்கா நிப்பாட்டின?”

ஹலீம் காக்கா கியரை மாற்றினார். கண் கலங்கியிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

“றிஸ்லான் லைட் அடிச்சானேடா” என்றார்.